வலமாகச் சுற்றிய அம்புகள்

எனக்குப் பயம் பிறவிக்குணம். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க பஸ் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான். அப்படிப்பட்டவளிடம்தான் எங்கள் செவன் கிங்ஸ் பகுதிக் கோயில் நிர்வாகம், தீப்பிடித்தால் எந்த வழியால் வெளியேறுவது என்று காட்டும் படத்தைக் கீறித்தரச் சொன்னது. கோயிலின் இணையப் பக்கத்திலும் போட வேண்டும், பெரிதாக அச்சடித்துச் சுவரிலும் மாட்ட வேண்டும்.

முதலில் போட்டோ திருத்தும் மென்பொருளில் கீறினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். போனில் அழகாக இருந்தது. சுவரளவுக்குப் பெருப்பித்தபோது அம்புகளெல்லாம் தண்ணீரில் ஊறிய அப்பளம் போலாகிவிட்டன. புகைக்குள் நிற்கும் ஒருவருக்கு இதில் என்ன விளங்கும்? வேறு மென்பொருள் தேடினேன். ஒன்றில் திரையில் சிவப்பாக இருந்தது அச்சில் மண்ணிறமானது. இன்னொன்றைப் படித்து முடிக்க இந்தப் பிறவி போதாது. கடைசியில், படத்தைப் புள்ளிகளாக உடைக்காமல் கோடுகளாகவே வைத்திருக்கும் இலவச மென்பொருள் ஒன்று அகப்பட்டது. முத்திரையளவுக்குச் சுருக்கினாலும் கதவளவுக்குப் பெருப்பித்தாலும் அம்பு கூராகவே நின்றது.

நிர்வாகத்தில் எல்லோரும் பார்த்தார்கள். "நல்லா விளங்குது பிள்ளை, இதையே போடுவம்," என்றார் தலைவர். எனக்கும் கொஞ்ச நாள் பயமில்லாமல் நித்திரை வந்தது.

திருவிழாவில் ஒரு மத்தியானம், பூசை நேரம், அபாய மணி அலறியது. மூலஸ்தானத்துக்குப் பின்னாலிருந்த சமையலறையிலிருந்து புகை வந்தது. நான் முன்வாசலில் நின்றேன். மகள் உள்ளே, இடப்பக்கச் சுவரோரம், மற்றப் பிள்ளைகளோடு நின்றாள். அந்தச் சுவரில் வெளியே போக ஒரு கதவு உண்டு. அதால் வந்துவிடுவாள் என்று வெளியால் அங்கே ஓடினேன். கதவு மூடியே கிடந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒருவருமில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

திரும்பி ஓடி வந்தபோது, சனம் வரிசையாக, சமையலறைப் புகையைக் கடந்து, மூலஸ்தானத்தை வலமாகச் சுற்றி முன்வாசலால் வந்துகொண்டிருந்தது. கடைசியாக மகள் இருமிக்கொண்டு வந்தாள். தாச்சியில் எண்ணெய் கருகியதுதான், வேறொன்றுமில்லை என்றார்கள். நான் அவளைக் கட்டிப்பிடித்த கையை எடுக்கவில்லை.

"கதவு உனக்குப் பக்கத்திலதானே இருந்தது. ஏன் அதால வரேல்லை?"

"உங்கட அம்பைப் பாத்துத்தான் அம்மா வந்தனான்."

சுவரில் மாட்டியிருந்த என் படத்தைப் பார்த்தேன். எல்லா அம்புகளும் வலமாகவே சுற்றின. பக்கக் கதவால் போக ஓரடி இடமாகத் திரும்ப வேண்டும். கோயிலுக்குள் இடமாக நடப்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவேயில்லை, கீறிய எனக்கும், சரி என்ற அவர்களுக்கும்.

அன்று பின்னேரமே அம்பைத் திருப்பினேன். அந்த மென்பொருளில் அது ஒரு நொடி வேலை. ஊறிய அப்பளமாகக் கிடந்த அந்தப் பழைய படத்தையே மாட்டியிருந்தால், மகள் அதை நம்பியிருக்கமாட்டாள். பக்கத்துக் கதவால் வந்திருப்பாள்.