கடிக்காத கம்பி

எங்கள் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் கனமாக அதிரும் கிட்டார், வாசிப்பது வேம்பு. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எனக்கு எதிர் பிளாக். முப்பத்தெட்டு வயது. விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய்விடுவாள். அங்கே கொட்டகையில் உட்கார்ந்து மத்தியானம் தாண்டும்வரை இறால் உரிப்பாள். அவள் தம்பி துபாய்க்குப் போனபோது கிட்டாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். சும்மா கிடக்கிறதே என்று கையில் எடுத்தவள், ஆறு வருஷமாகக் கீழே வைக்கவில்லை. நான் பகலவன். மாநகர பஸ்ஸில் கண்டக்டர், குழுவுக்குத் தலைவன், பாடகன். கொஞ்சம் முன்கோபி. கொஞ்சம் என்பது நான் சொல்வது.

இறால் உரிக்கிற கையைப் பார்த்திருக்கிறீர்களா? ஐஸ், உப்பு, இறால் முள். விரல்நுனித் தோல் வெளுத்து உரிந்துபோகும். சாதாரண பேஸ் கம்பியின் மேல் உருண்டையான கம்பியைச் சுற்றியிருப்பார்கள், தடவினால் அரம்தான். வேம்பு விரலில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு வாசிப்பாள். அது வழுக்கும், தாளம் தப்பும், நான் கத்துவேன். பிப்ரவரியில் ஒரு கல்யாண வரவேற்பில் பிளாஸ்திரி பிய்ந்து கிட்டாரெல்லாம் ரத்தம்.

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுமே. பெனிட்டோ கீபோர்டுல இடது கையால பேஸ் போட்டுப்பாரு" என்றேன்.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவளுக்குத் தெரியாதா? முகம் செத்துப்போயிற்று.

"எனுக்குனு இது ஒண்ணுதான் கீது, ண்ணா. அதையும் புடுங்கிக்காத."



அடுத்த வாரமே வந்து நின்றாள். "ஃபிளாட்வவுண்டுனு ஒரு கம்பி கீதாம் ண்ணா. மேல சுத்துறது ரிப்பன் கணக்கா தட்டையா இருக்குமாம். வெரலு வழவழனு போவுமாம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். பிராட்வே கடைக்கு அவளோடு நானும் போனேன். துணைக்கு இல்லை, தடுக்கத்தான்.

கடைக்காரர் கலீலுல்லா பாய் மூன்று தினுசு எடுத்து வைத்தார். ஒன்றையும் பிரிக்கவில்லை. "பிரிச்சா திருப்பி வாங்க மாட்டேம்மா. மொதல்ல தொட்டுப் பாரு" என்று உள்ளேயிருந்து தன்னுடைய பழைய பேஸைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் தட்டைக் கம்பிதான் மாட்டியிருந்தது.

வேம்பு பிளாஸ்திரியை உரித்துப் போட்டாள். உள்ளே ரோஜா நிறத்தில் சதை. பார்க்கவே எனக்குக் கூசியது. விரலைக் கம்பியோடு மெல்ல இழுத்தாள். மறுபடி இழுத்தாள். அப்புறம் வாசித்தாள்.

"இன்னா பாய், போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி கீது. ஒரு பளிச்சே இல்லியே" என்றேன்.

"பளிச்சுக்குத்தான் நீங்க பாடுறீங்களே சார்" என்றார் பாய்.

வேம்பு எங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. கண் கலங்கி, "ண்ணா, இது கடிக்கல" என்றாள்.

"ரணமான கை. மெல்லிசா இருக்கறத எடு, இழுவை கம்மி" என்றார் பாய். அதையே வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் பதினாலு சாயங்காலம் எங்கள் மைதானத்தில் கச்சேரி. வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். அதில் என்னோடு சேர்த்து ஐந்து முகம். வேம்பு இல்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எப்படியும் அவளை நிறுத்தப்போகிறோம் என்று படமே கொடுக்காமல் விட்டவன் நான்தான். அவள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேடைக்கு வந்து சுருதி சேர்க்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது பாட்டு. எனக்குப் பேஸ் கேட்கவே இல்லை. கோபம் தலைக்கேறியது. நீங்களே போடுங்கள் என்று பெனிட்டோவுக்குக் கையைக் காட்டினேன். தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர், அதிர்ந்து பேசாத மனுஷர்.

பெனிட்டோ தலையை ஆட்டி மறுத்தார். "அண்ணே, அவங்க வாசிக்கதப் புடிச்சிட்டுதான் நான் வாசிக்கேன். கீழ போய்க் கேளுங்க."

எனக்குப் பாட்டு இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் வரும் இடத்தில் இறங்கிப்போய், கடைசி வரிசைப் பெண்கள் பக்கத்தில் நின்றேன். அடேயப்பா! பேஸின் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக வந்து நெஞ்சில் இடித்தது. பக்கத்திலிருந்தவர்கள் அதற்குத்தான் காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் மேடையில் நின்று பேஸ் என்று நான் கேட்டதெல்லாம் பழைய கம்பியின் கிறீச்சுதான். வெட்கமாகப் போய்விட்டது.

மேடையேறி மீதியைப் பாடி முடித்ததும் அவள் அருகில் போய் நின்றேன். அவள் கம்பியில் இருந்த வியர்வையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேம்பு, அந்த ஃபிளெக்ஸுல உன் படத்த நான்தான் வேணும்னே குடுக்கல. உன்னிய தூக்கிடலாம்னு இருந்தேன். தப்புதாம்மே. மன்னிச்சுக்க."

அவள் நிமிரவில்லை. "எம் மூஞ்சிய நான் கண்ணாடில பாத்துக்கறேன். அடுத்த பாட்டு இன்னா சுருதி, அத்த சொல்லு."

"ஜி மேஜர்" என்றேன்.

மைதானம் முழுக்க ஒரே சிரிப்பு, விசில். அப்போதுதான் பார்த்தேன், கையிலிருந்த மைக்கை நான் அணைக்கவே இல்லை.