பன்றிக்கு ஒரு ரிவால்வர்

டிசம்பர் 10, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் வாங்கி வந்து காபி போட்டேன். மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பேப்பரில் தலைப்புகளை மட்டும் பார்த்தேன். அன்றைய வேலையை முந்தின நாளே டைரியில் எழுதிவைப்பது என் வழக்கம். அன்றைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'மாப்பிள்ளையுடன் நெல்லை – ரிவால்வர் பார்க்க.'

இத்தனை வருட டைரியில் சேலை பார்க்க, பெண் பார்க்க, மாடு பார்க்க என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். ரிவால்வர் பார்க்க... இதுதான் முதல் முறை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை ராஜியின் கணவர் செல்லத்துரை. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றினாலும் சம்பந்தப்பட்டவர்களுக்குப் புரியும். புரியட்டும்.) எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் கிராமம். கரிசல் புஞ்சையில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். ஓடைக்கரை முழுக்க சீமைக்கருவேலங்காடு, அதற்குள் காட்டுப் பன்றிகள். கதிரில் பால் பிடிக்கிற சமயம் பார்த்துக் கூட்டமாக வரும். தின்பது கொஞ்சம், சாய்த்துவிட்டுப் போவது மிச்சம். இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

ஆகவே மாப்பிள்ளை துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டுவிட்டார். பயிரைக் காப்பாற்றவும், காட்டு வழியே தனியாக நடந்து போகையில் உயிரைக் காப்பாற்றவும் என்று காரணம் சொல்லியிருக்கிறார். என்ன துப்பாக்கி? ரிவால்வர்.

என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் இரண்டு மாதமாக போனில் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோக்களைப் பார்க்கிறார். அந்த மனிதர் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தனியாக மலையேறுகிறார். மான் வேட்டைக்குப் போகிறார். இடுப்பில் ரிவால்வர். கரடி வந்தால் எது சரி, காட்டுப் பன்றி வந்தால் எது சரி, குழல் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்குகிறார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு விஷயத்தை முழுதாகப் பார்க்காமல் கருத்துச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: வேட்டைக்கு நீளத் துப்பாக்கி, ரிவால்வர் கடைசி நொடிக்கு மட்டும், மிருகம் மேலே வந்து விழுகிற தூரத்தில். மாப்பிள்ளைக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். ஆனால் இது படத்தைப் பார்த்தாலே புரிகிற சங்கதி.

பன்றியை விரட்டுகிறவர் நீளத் துப்பாக்கி அல்லவா கேட்பார்? இடுப்பில் செருகுகிற சாமானை எதற்குக் கேட்கிறார்?

ஏழரைக்கு ராஜி போன் செய்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணே, அவிய குளிக்கப் போயிருக்காவ. அந்தச் சாமான் நம்ம வீட்டுக்குள்ள வரக் கூடாது. நீங்கதான் ஏதாவது சொல்லி நிறுத்தணும்."

"நீயே சொல்ல வேண்டியதுதானே?"

"நான் சொன்னா கேக்குத ஆளா அவிய? பன்னி போன வருசமும்தான் வந்துச்சு. தகர டப்பாவத் தட்டி வெரட்டுனோம். இந்த வருசம் மட்டும் என்னத்துக்குத் துப்பாக்கி? பன்னி என்ன படிச்சிட்டா வந்திருக்கு?"

"பன்னிக்கு இல்லன்னா பின்ன யாருக்கு?"

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதிய" என்று வைத்துவிட்டாள்.

தெரியும். பக்கத்துப் புஞ்சைக்காரர் கந்தசாமி. மாப்பிள்ளையின் டிராக்டர் அவர் நிலத்து ஓரமாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. புரட்டாசியில் அந்த ஓரத்தில் அவர் முள்கம்பி போட்டுவிட்டார். வாய்ச்சண்டை. கந்தசாமி அருவாளைத் தூக்கினார் என்கிறார் மாப்பிள்ளை. தூக்கவில்லை, புல் அறுத்துக்கொண்டிருந்தேன், கையில் இருந்தது என்கிறார் கந்தசாமி. மாப்பிள்ளை வீடியோ பார்க்க ஆரம்பித்ததும் அதே புரட்டாசியில்தான்.

காரில் போகும்போது மாப்பிள்ளை இன்னொரு செய்தியையும் சொன்னார். லைசென்ஸ் விசாரணைக்கு வந்த ஏட்டிடம், 'எங்க மச்சான் பத்திரிகையில எழுதுதவிய, அவியகிட்ட கேளுங்க' என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறாராம். நாளைக் காலையில் நான் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

"என்ன வார்த்தை?" என்று கேட்டேன்.

"நல்ல வார்த்ததான். யாரோடயும் பகை கெடையாதுன்னு. மாத்திச் சொல்லிட்டியன்னா பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வர முடியாது, பாத்துக்கிடுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

நெல்லையில் துப்பாக்கிக் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கண்ணாடி அலமாரி, அதற்கு இரும்புக் கம்பி, கம்பிக்குப் பின்னால் கடைக்காரர். எங்களைப் பார்த்த முதல் பார்வையே ஒரு விசாரணைதான்.

"லைசென்ஸ் இருக்கா?"

"மனுப் போட்டிருக்கேன்."

"அப்ப கண்ணால பாருங்க. கையில தர மாட்டேன். எதுக்கு வேணும்?"

"பன்னிக்கு" என்றார் மாப்பிள்ளை.

"பன்னிக்கா" என்று அவர் இழுத்ததில் பல வருட அனுபவம் தெரிந்தது. "பன்னியச் சுட்டா நீங்க உள்ள போகணும், தெரியும்லா? சுடுததுன்னா வனத்துறைதான் சுடணும். மேல பாத்துச் சுட்டு வெரட்டலாம்னா அதுக்கு ஒரு சரம் வெடி போதும்."

மாப்பிள்ளை அதைக் காதில் வாங்கவில்லை. வீடியோவில் கற்றதையெல்லாம் கேட்டார். நாலு அங்குலக் குழல் உண்டா? பிடி மரமா, ரப்பரா? அந்த வெள்ளைக்காரர் வைத்திருக்கிற பெரிய குண்டு இங்கே கிடைக்குமா?

"நம்ம பக்கம் புதுசா கெடைக்குதது பாயிண்ட் முப்பத்திரண்டு குண்டுதான். அது கரடிக்கெல்லாம் காணாது. பன்னிக்கும் காணாது. அடிபட்ட பன்னி ஒங்க மேலதான் வரும்." ஒன்றை எடுத்து விளக்கடியில் காட்டினார். "இது சின்னது. சட்டைக்குள்ள வச்சா வெளிய தெரியாது. இதத்தான் எல்லாரும் கேப்பாவ."

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது.

"தெரியாதா? தெரியாட்டி என்ன பிரயோசனம்? பெருசா காட்டுங்க. வெளிய தெரியணும்."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பன்னி ஒங்க இடுப்பப் பாக்காது."

மாப்பிள்ளை போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றார் அவர். மாப்பிள்ளை முன்னால் நடந்ததும் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"சார், பகை இருக்குன்னு எழுதுனா லைசென்ஸ் குடுக்க மாட்டான். பகையே இல்லன்னா ஒனக்கு எதுக்குடே துப்பாக்கின்னு கேப்பான். அதனால எல்லாரும் பன்னின்னு எழுதுவாவ."

நான் ரசித்தேன். மனுவில் தைரியமாக எழுதக்கூடிய ஒரே எதிரி பன்றிதான் போலிருக்கிறது. அது எதிர்மனு போடாது. சமாதானத்துக்கும் ஆள் அனுப்பாது. நம் மாவட்டத்தில் எத்தனை பன்றிகளுக்கு எத்தனை பெயர்களோ... ஆனால் என்னால் முழுதாக ரசிக்க முடியவில்லை. இந்த மனுவில் இருக்கிற பன்றியின் பெயர் எனக்குத் தெரியும்.

திரும்பி வருகையில் புஞ்சைக்குப் போகலாம் என்றேன். பன்றி உண்மையிலேயே வந்ததா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் என்று வந்தபிறகு அரைகுறையாகச் சந்தேகப்படுவது எனக்குப் பிடிக்காது.

வந்திருந்தது. ஓடைப் பக்கம் பெரிய வட்டமாகச் சோளத் தட்டைகள் சாய்ந்து கிடந்தன. ஈரக் கரிசலில் குளம்படிகள் அச்சாகப் பதிந்திருந்தன. கடித்துத் துப்பிய கதிர்கள் எங்கும் கிடந்தன. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மாப்பிள்ளை சாய்ந்த தட்டை ஒன்றை நிமிர்த்திப் பார்த்தார். நிற்கவில்லை.

"இப்ப நம்புதியளா?" என்றார்.

"பன்னியை நம்புதேன். ரிவால்வரை நம்பலை மாப்ள. எதுக்கு வெளிய தெரியணும்?"

அவர் முள்கம்பிப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் கந்தசாமியின் உளுந்து. ஆள் யாரும் இல்லை.

"அன்னிக்கு அவரு அருவாளோட திரும்புனாருல்லா... நான் ஓடிட்டேன் மச்சான். இங்கன இருந்து ரோடு வரைக்கும். செருப்பு ஒண்ணு அங்கனயே கெடந்துச்சு. ராஜி சோத்துச் சட்டியோட ரோட்டுல நின்னுக்கிட்டிருந்தா. பாத்துட்டா."

"அவ ஏதும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல. சோறு போட்டா. அவ ஏதாவது சொல்லிருந்தாக்கூடப் பரவால்ல." தட்டையைக் கீழே போட்டார். "இடுப்புல ஒண்ணு இருந்தா அவரு பாப்பாருல்லா. பாத்தா போதும். நான் யாரையும் சுட மாட்டேன்."

அதை நான் நம்பினேன். அவர் வேண்டுமென்று சுடமாட்டார். ஆனால் அடுத்த முறையும் கந்தசாமி அருவாளோடு திரும்பினால்? அடுத்த முறையும் ராஜி ரோட்டில் நின்றால்? கோபம் இரண்டு நாளில் தணியும். இரண்டு மாதமாகியும் ஒருவருக்கு வெட்கம் தணியவில்லை என்றால், அவர் கையில் எதைக் கொடுக்கவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

கோவில்பட்டியில் என் வீட்டுக்கு வந்து குளித்து, இட்லி சாப்பிட்டு, டைரியை எடுத்தேன். வாசலில் பைக் நின்றது.

கந்தசாமி.

கையில் ஒரு மஞ்சள் பை நிறைய உளுந்து. இதற்கு முன் அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை. பையை வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, நீங்க எழுதுதத என் மவ வாசிச்சுக் காட்டுவா. நேர்மையான ஆளுன்னு சொல்லுவா. அதான் வந்தேன். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறியளாமே."

"யாரு சொன்னா?"

"ஏட்டையாதான். நானும் ஒங்க பேரத்தான் குடுத்திருக்கேன்."

"எதுக்கு?"

"நானும் எழுதிப் போட்டிருக்கேன்லா. ரிவால்வருக்கு."

"உங்களுக்கு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"பன்னிக்கு" என்றார்.

"உங்க நிலத்துல உளுந்துல்ல போட்டிருக்கீங்க. பன்னி சோளத்துக்குல்ல வரும்."

"வரும்போது மெதிக்கும்லா" என்றார். பிறகு அவருக்கே அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "ஒளிவு மறைவு என்னத்துக்கு அண்ணாச்சி. ஒங்க மாப்ள எனக்காகத்தான் வாங்குதாருன்னு ஊரே பேசுது. அவியளுக்கு வந்துட்டா நான் வெறுங்கையோட புல்லு அறுக்கணுமா?"

"அன்னிக்கு அருவாளைத் தூக்கினீங்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

"புல்லுக்கட்டத் தூக்கக் குனிஞ்சேன். நிமிந்து திரும்புனேன். ஓடிட்டாவ. அவிய ஓடுவாவன்னு நான் என்னத்தக் கண்டேன்? நின்னு நாலு வார்த்த வஞ்சிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். வைதவன் வைதுட்டுப் போயிருவான். ஓடுன ஆளு என்ன நெனச்சுக்கிட்டிருக்கான்னு யாருக்குத் தெரியும்? அன்னியிலருந்து நான் தனியா அந்தப் பக்கம் போறதில்ல."

"முள்கம்பியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்னங்க?"

"இப்ப தள்ளுனா பயந்துட்டான்னு சொல்லுவாவளே."

எழுந்து கைகூப்பினார். "ஒரே நடையில ரெண்டு பேருக்கும் சொல்லிருங்க அண்ணாச்சி. சொந்தம்னு அவியளுக்கு மட்டும் சொல்லிட்டு வந்துராதிய. அது நல்லதில்ல." கடைசி வாக்கியம் வேண்டுகோளா, எச்சரிக்கையா? இப்போதும் எனக்குத் தெரியவில்லை. உளுந்துப் பையைக் கையோடு திருப்பிக் கொடுத்தேன். அவர் அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

ஆக, ஒரு பக்கம், ஓடியதற்காக வெட்கப்படுகிற ஒருவர். மறுபக்கம், அவர் ஓடியதைப் பார்த்துப் பயந்துபோன இன்னொருவர். நடுவில் ஒரு முள்கம்பி. இரண்டு பேருக்கும் நான் நல்ல வார்த்தை சொன்னால் இரண்டு ரிவால்வர். ஒருவருக்கு மட்டும் சொன்னால் ஒன்று – அது அதைவிட மோசம். யாருக்கும் சொல்லாவிட்டால் பொங்கலுக்கு என் தங்கை வீட்டு வாசல் எனக்கு இல்லை. அவள் கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன் என்று வெளியே சொல்லவும் முடியாது. டைரியில் அன்றைக்கு இதைத் தவிர எதுவும் எழுதவில்லை.

மறுநாள் காலை மோட்டார் போடவில்லை. பால் வாங்கவில்லை. முதல் வேலையாக பஸ் ஏறி ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஏட்டு அப்போதுதான் வந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லி, இரண்டு மனுக்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டீ சொன்னார். நல்ல மனிதர். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைக்கிறவர்.

"ரெண்டு பேரும் ஒங்களத்தான் சொல்லுதாவ. எனக்கு வேல மிச்சம்" என்று பேனாவைத் திறந்தார். "பகை ஒண்ணும் இல்லன்னு போட்டுரட்டா சார்?"

"ரெண்டு பேருக்குமே போடாதீங்க" என்றேன்.