கிராதியில் ஒற்றைக் காலுறை

லீட்ஸ் நகரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குழந்தையின் காலிலிருந்து கழன்று விழுந்த காலுறை நடைபாதையில் கிடந்தால், அதைக் கண்டவர் எடுத்து, பக்கத்து வீட்டு இரும்புக் கிராதியின் முனையில் செருகிவிட்டுப் போய்விடுவார். தொலைத்தவர் திரும்பி வரும்போது கண்ணில் படவேண்டும், அவ்வளவுதான். நான் இங்கே வந்த முதல் நவம்பரில், இவர்கள் வெடி வெடித்துக் கொண்டாடும் இரவுக்கு மறுநாள் காலை, பேத்தி லிடியாவைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். மூடுபனியில் கிராதி தெரியவில்லை. என் இடுப்பு உயரத்தில், எதன்மீதும் நிற்காமல், வெள்ளையாக ஒரு குழந்தைப் பாதம் மட்டும் தெரிந்தது. பனிக்குள் கந்தக வாசம் தங்கியிருந்தது. நான் நின்றுவிட்டேன். லிடியா என் கையை இழுத்தாள். "தாத்தா, அது சாக்ஸ். தொலைச்சவங்க வந்து எடுத்துக்குவாங்க" என்றாள். "வராட்டி?" என்றேன். "வர்ற வரைக்கும் அங்கயே இருக்கும்."

நான் எதைப் பார்த்து நின்றேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. பத்து ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை. மகள் கிருபாவுக்கு இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை. என் மனைவி இறந்தபின் என்னையும் அழைத்துக்கொண்டாள். நான் கொண்டுவந்த தகரப்பெட்டியில் வேதப்புத்தகத்துக்கு அடியில் ஒற்றைக் காலுறை ஒன்று இருந்தது. வெள்ளை நூலில், கண் கண்ணாக ஓட்டை விட்டுப் பின்னிய லேஸ் காலுறை. பிறந்து மூன்று மாதமான பிள்ளைக்கு அளவானது. குதிகாலில் சாம்பல் வெள்ளியாக ஒரு விரல் தடம். அது பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடியின் தடம். சிவகாசிப் பக்கத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஐம்பதுகளில் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜராக இருந்தேன். ரசாயனம் படித்தவன் என்பதால் எனக்கு அங்கே மரியாதை அதிகம். புஸ்வாணத்தில் மருந்து அடைக்கும் ஷெட்டில் தங்கக்கனி வேலை செய்தாள். எங்கள் சபையைச் சேர்ந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் லேஸ் பின்னக் கற்றிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மூங்கில் குச்சிகளை வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எண்ணியபடி பின்னுவாள். "ரெண்டச் சேத்து ஒண்ணு, நூலச் சுத்தி ஒண்ணு." ஊசியில் ஏறி நிற்கும் நூல் வளையத்தைக் கண் என்பார்கள்; இரண்டு கண்ணைச் சேர்த்து ஒன்றாக்கினால் ஒரு கண் குறையும், நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த இடத்தில் ஓட்டை விழுந்து, குறைந்த கண் திரும்ப வந்துவிடும். எத்தனை ஓட்டை விட்டாலும் கணக்கில் ஒரு கண்ணும் குறையாது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அப்போது கைக்குழந்தையாக இருந்த லிடியாவின் ஞானஸ்நானத்துக்குக் காலுறை வேண்டும் என்று நான் கேட்டேன். மூங்கில் குச்சி தடிமன், பச்சைப்பிள்ளை அளவுக்கு ஓட்டை பெரிதாக விழும் என்றாள். நானே விருதுநகருக்குப் போய், ஒரு சைக்கிள் கடையில் சக்கரக் கம்பி நான்கு வாங்கி, இரண்டு முனையும் தீட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் அவற்றை உருட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இது ஊசியா, இருக்கன்குடிக்கு அலகு குத்துற கம்பியா ஐயா?"

உரசினால் பொறி பறக்கும் என்பதால் கம்பெனி கேட்டுக்குள் இரும்பு வரக்கூடாது. மெட்டியைக் கூடக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் பெண்கள் உள்ளே வருவார்கள். முதல்நாளே வாட்ச்மேன் அவள் பையை மறித்தார். "இரும்பாச்சே ஐயா, உள்ள விடலாமா?" என்று என்னைக் கேட்டார். "மரத்தடியில வச்சுத்தான் பின்னப்போறா, விடும்" என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு காலுறையை முடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்றதும் வேண்டும் என்றேன்.

"சீசன் நேரத்துல கை ஒழியவே மாட்டேங்குது. ஒண்ணு மட்டும் போட்டா பாதிரியாரு தண்ணி ஊத்த மாட்டாகளாக்கும்?"

"வெளயாடாத தங்கக்கனி."

"ஒங்க பேத்தி நொண்டியடிச்சுக்கிட்டே மோட்சத்துக்குப் போவாகளோன்னு பாக்கேன்" என்றாள். பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, "சனிக்கிழமைக்குள்ள குடுத்துருதேன், கவலப்படாம போங்க" என்றாள்.

அந்த வாரம் தூறல். ஒரு தட்டு மருந்தில் ஈரம் பட்டுவிட்டது. அலுமினியம் கலந்த மருந்து நனைந்தால் தானாகவே உள்ளுக்குள் சூடேறும். அதைக் காயவைத்து எடுக்கக்கூடாது, கழித்துவிட வேண்டும். இது எனக்குத் தெரியும். அந்த ஷெட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். லோடு அனுப்ப வேண்டியிருந்தது. வெயிலில் உலர்த்தி அடைக்கக் கொடுங்கள் என்று சொன்னவன் நான். சனிக்கிழமை, சாப்பாடு முடிந்து பெண்கள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில், ஆபீஸ் அறையின் சுவரெல்லாம் வெளிச்சத்தில் வெள்ளையானது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தங்கக்கனியோடு இன்னும் இரண்டு பெண்கள். அதை நான் விவரிக்கப் போவதில்லை. மறுநாள் விசாரணைக்கு வந்த அதிகாரியோடு ஷெட்டுக்குள் போனபோது கண்டதை மட்டும் சொல்கிறேன். சுவர் ஓரம், அவள் பை மாட்டும் மரமுளைக்கு நேர் கீழே, பையும் நூலும் எரிந்துபோய், கம்பிகள் மட்டும் சாம்பல்மேல் கிடந்தன. மூன்று கம்பிகள் முனையோடு முனை தொட்டு முக்கோணமாக, நான்காவது சற்றுத் தள்ளி, அடுத்த கண்ணை எடுக்கக் காத்திருப்பதுபோல். வெப்பத்தில் நீலம் பூத்திருந்தன. நடுவில் காலுறை இல்லை. ஆனால் அது இருந்த வடிவம் இருந்தது.

"இரும்பு எப்படி உள்ளே வந்தது?" என்று அதிகாரி கேட்டார். ஈர மருந்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நான் நல்ல இங்கிலீஷில், "எனக்குத் தெரியாது. ஒளித்துக் கொண்டுவந்திருக்க வேண்டும்" என்றேன். வாட்ச்மேன் என் பின்னால் நின்றார். திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்று முதல் அவளுக்கு ஊரில் பெயர் ஊசிக்காரி. இறந்த மற்ற இரண்டு பெண்களின் வீட்டார் அவள் வீட்டுக் கதவில் சாணியை எறிந்தார்கள். அவள் அடக்கத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். நான் முன்வரிசையில் நின்று பாட்டுப் பாடினேன். முடித்த காலுறை என் சட்டைப்பையில் இருந்தது. அவள் புருஷன் ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போனான். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. லிடியாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு ஞானஸ்நானம் நடந்தது.

இந்தக் குளிர்காலத்தில் லிடியா என் பெட்டியில் பென்சில் தேடியிருக்கிறாள். நான் ஆலயத்திலிருந்து திரும்பியபோது பெட்டி திறந்து கிடந்தது. "ஒண்ணுதான் இருந்துச்சு தாத்தா. அதான் வெளியே மாட்டிட்டேன். தொலைச்சவங்க பார்க்கணுமில்ல?" வாசலுக்கு ஓடினேன். கிராதி முனை காலியாக இருந்தது. இரண்டு நாள் தெருத்தெருவாகத் தேடினேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் அடுத்த வீட்டு மிஸஸ் ஹார்ட்லி ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பஸ் நிறுத்தத்தில்கூடப் பின்னிக்கொண்டே நிற்கும் விதவை. உதடுகள் ஓசையில்லாமல் எண்ணிக்கொண்டிருக்கும். அதனாலேயே நான் அடுத்த பஸ்ஸில் போவேன். பொட்டலத்தில் இரண்டு காலுறைகள் இருந்தன. லிடியா மாட்டியதை அவர் கண்டாராம். இவ்வளவு அழகான வேலை துணையில்லாமல் கிடப்பதா என்று, கண்களை எண்ணிப் பார்த்து இன்னொன்றைப் பின்னிவிட்டாராம். பழையதில் மஞ்சளும் ஏதோ கறையும் இருந்ததால் இரண்டையும் சேர்த்துக் கொதிக்கவைத்து வெளுத்தும்விட்டாராம். "கறை சுத்தமாகப் போய்விட்டது, பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். இரண்டு குதிகாலும் வெள்ளையாக இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டைகளை எண்ணினேன். ஒன்றுபோலவே இருந்தன.

"உங்கள் மனைவி பின்னியதா?" என்று கேட்டார். என் கண் கலங்கியதைப் பார்த்து அப்படி நினைத்துக்கொண்டார் போலும். நான் ஆம் என்று தலையை ஆட்டினேன். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. தங்கக்கனியை இரண்டாவது முறையும் மறைத்துவிட்டேன். இந்த முறை என்னை யாரும் விசாரிக்கக்கூட இல்லை.

கிருபா டியூட்டி முடிந்து வந்து மேசையில் கிடந்ததைப் பார்த்தாள். "இது அந்த ஊசிக்காரி பின்னுனதுல்ல? இதையா அப்பா இம்புட்டு நாளு வச்சிருந்தீக? மூணு குடும்பத்த அழிச்சவ."

"அவ பேரு தங்கக்கனி" என்றேன். பிறகு மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். கம்பி வாங்கியது, வாட்ச்மேனிடம் சொன்னது, ஈர மருந்து, இங்கிலீஷில் சொன்ன பொய். கிருபா நர்ஸ் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும், "எம்பிள்ள காலுக்காகவா?" என்று கேட்டாள். எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். இந்த வாரம் லிடியாவை அவளே பள்ளிக்கு அழைத்துப் போகிறாள்.

ஆகவே இதை ஊருக்கு எழுதுகிறேன். நாரணாபுரத்திலோ விஸ்வநத்தத்திலோ இதைப் படிக்கிறவர்கள் ஊசிக்காரி என்ற பெயரை இனிச் சொல்லவேண்டாம். அவள் எதையும் ஒளித்துக் கொண்டுவரவில்லை. அவள் மகனுக்கு இப்போது பதினாறு வயது இருக்கும். எங்கேயிருக்கிறான் என்று தெரிந்தவர்கள் இதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒரு காலுறையை இந்தக் கட்டுரையோடு பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்புகிறேன். அது அவன் தாய் பின்னியது என்று சொல்ல எனக்கு வழியில்லை. லீட்ஸில் ஒரு விதவை பின்னியதாகவும் இருக்கலாம். அவனிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

மற்றதை நேற்று மாலை கிராதியில் நானே மாட்டினேன். ராத்திரி உறைபனி விழுந்திருக்கிறது. காலையில் ஜன்னல் திரையை விலக்கினேன். பனியில் நனைந்த நூல் விறைத்து, உள்ளே ஒரு கால் இருப்பதுபோல் காலுறை உப்பி நின்றது. மாட்டும்போது விரல் பக்கத்தைத் தெருவைப் பார்க்கத்தான் வைத்தேன். இப்போது அது என் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது.