நரிக்குப் பின்னால் இருந்த வீடு

எங்கள் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று முதலில் முடிவு செய்தது அப்பா அல்ல, ஒரு நரி. எருமப்பட்டிக்குத் தெற்கே எங்கள் சாளை இருந்தது. தோட்டத்தின் நடுவே தனியாக நிற்கும் வீட்டை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த வருஷத்து ஆட்டுக்குட்டிகளில் பாதியை நரி கொண்டுபோய்விட்டது. கடைசியாகப் போனது, ஒரு காது மட்டும் கறுத்த வெள்ளைக் குட்டி. அது என்னுடையது. என் பாவாடை நாடாவை உருவி அதன் கழுத்தில் மணி கட்டியிருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். அந்த நரி சாகவேண்டும் என்பதைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது.

நரிக்கோ கொஞ்சமும் வெட்கமில்லை. பொழுது விடிகிற நேரத்தில் எல்லை வரப்பின்மேல் வந்து நின்றுகொண்டு எங்களை நிதானமாகப் பார்க்கும். கூப்பிடு தூரம். கல் எட்டாது, நாயை ஏவினால், நாய் போய்ச் சேருவதற்குள் நரி கடலைக்காட்டில் இறங்கிவிடும். வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் பூமி. நரி நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் அவருடைய சாளை. பொதுக் கிணற்றில் எங்கள் முறை வந்த நாளில் பெரியப்பா தன் மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைத்துவிட்டார் என்று ஆரம்பித்த சண்டையில், அண்ணன் தம்பி இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எதிரெதிரே வந்தால் இருவரும் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள். மழைக்காக அவ்வளவு அக்கறையாக வானம் பார்த்தவர்களை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

துப்பாக்கி விஷயத்தில் எங்கள் வீட்டு மேதை என் மாமா, அம்மாவின் தம்பி. பட்டாளத்திலிருந்து வந்தவர். அங்கே அவர் சமையல் கொட்டகையில் இருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்டால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

"பன்னெண்டு போர் துப்பாக்கியெல்லாம் காக்கா முடுக்கத்தானுங்க மச்சான் ஆவும். ரவை சிதறிப்போயி, பாதித் தூரம்கூட எட்டாது. இருவத்திரண்டு கொசு கடிச்சாப்பல. முன்னூத்திப் பதினஞ்சு ரைபிள்தான் நம்மளுக்குச் சரி. இங்க இருந்து அமுக்குனா அங்க நரி உளுந்து கெடக்கும்."

இந்த எண்கள் எனக்குப் புரியவில்லை. பெரிய எண் நல்லது என்று மட்டும் புரிந்தது. நான் முன்னூற்றுப் பதினைந்தின் கட்சியில் சேர்ந்தேன்.

லைசென்சுக்கு மனுப் போடும்போது இன்ன துப்பாக்கி என்று சொல்லவேண்டுமாம். அதனால் அப்பாவும் மாமாவும் முதலில் சேலத்துக்குப் போய்க் கடையில் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. நான் அழுது புரண்டு கூடவே போனேன். கடையில் மாதா படத்துக்குக் கீழே துப்பாக்கிகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. கடைக்காரர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முதல் வியாபாரமாக எங்களை வரவேற்றார். முன்னூற்றுப் பதினைந்தை எடுத்து அப்பா கையில் கொடுத்தார்.

அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் குண்டு நரியைத் தாண்டி எவ்வளவு தூரமுங்க போவும்?" என்று கேட்டார்.

கடைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "மைல் கணக்குல போவும். குறுக்க மண்சுவரு இருந்தாக்கூட நிக்காதுங்க."

"கல்லுல பட்டாலுங்க?"

"அப்பவும் நிக்காது. தெறிச்சு வேற பக்கமாப் போவுமே தவிர, ஓயாதுங்க."

பாவம், வியாபாரம் படிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அப்பா ரைபிளைக் கீழே வைத்துவிட்டு, இருபத்திரண்டை எடுத்து அதே கேள்வியைக் கேட்டார். பார்க்கத்தான் சின்னது, அதுவும் ஒரு மைல் போகும் என்று கடைக்காரர் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். அதையும் அப்பா கீழே வைத்துவிட்டார். பன்னிரண்டு போருக்கு வந்தபோது கடைக்காரரின் குரல் இறங்கியது.

"இது உங்க தூரத்துக்கு லாயக்கில்லீங்க. கிட்ட வந்தாத்தான் ஆவும். தூரப் போனா ரவைக்கு வலுவே இருக்காது."

"அப்ப அதையே எழுதிக்கறமுங்க" என்றார் அப்பா.

நாமக்கல் வந்து சேரும்வரை மாமா பேருந்தில் எங்களை விட்டுத் தள்ளியே உட்கார்ந்து வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

சில மாதங்களில் துப்பாக்கி வந்தது. முதல் வெடிக்கு எங்கள் கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன, எனக்குக் காது அடைத்துப்போனது. வரப்பின்மேல் இருந்த நரி ஒரு தடவை காதை ஆட்டிவிட்டு, சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. மாமா இதைச் சந்தையில் கடை கடையாகச் சொன்னார். சேலத்துக் கதையையும் சேர்த்துச் சொன்னார். அதன்பிறகு அப்பா எங்கே போனாலும், "ஏனுங்க, எவ்வளவு தூரமுங்க போவும்?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை. எனக்கு மானம் போயிற்று. பயந்தாங்கொள்ளி அப்பாவுக்கு மகளாகப் பிறந்துவிட்டோமே என்று நொந்துகொண்டேன். இந்தக் கதை பெரியப்பா காதுக்கும் போயிருக்கிறது.

கடலை பறித்து முடிந்து காடு மொட்டையாகக் கிடந்த ஒரு விடியற்காலை. அப்பா துப்பாக்கியோடு களத்து மேட்டில் நின்றிருந்தார், நான் அவருக்குப் பின்னால். நரி வழக்கம்போல வரப்பில் நின்றது. திடீரென்று அந்தப் பக்கத்திலிருந்து தகர டின்னை அடிக்கிற சத்தம். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கத்திக்கொண்டே ஓடி வந்தார். ஒளிய இடமில்லாத நரி எங்களை நோக்கியே பாய்ந்து வந்தது. அது வர வர, அதன் பின்னாலேயே பெரியப்பாவும் எல்லை வரப்பைத் தாண்டி வந்தார்.

நரி கிட்டத்தில் வந்துவிட்டது. அப்பா துப்பாக்கியைத் தூக்கினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெடி கேட்கவில்லை. நரி எங்களைக் கடந்து கள்ளிவேலிக்குள் புகுந்து போயேபோய்விட்டது.

பெரியப்பா மூச்சு வாங்க எங்கள் காட்டில் நின்றார். வானத்தைப் பார்க்க அவருக்கு மறந்துபோயிற்று.

"ஏண்டா சுடுல?"

"நீங்க பின்னால வந்தீங்களேண்ணா."

"ரவைதானேடா. என்ன பண்ணீரும்?"

அப்பா துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை உருவி மடியில் போட்டுக்கொண்டார். பெரியப்பா டின்னைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். நான் விக்கி விக்கி அழுததைப் பார்த்து, "ஏஞ்சாமி அழுகறே?" என்றார்.

"என்ற குட்டியத் தின்ன நரிங்க பெரியப்பா. உட்டுட்டாங்க."

அதற்குள் அம்மா சொம்பில் மோரோடு வந்துவிட்டாள். புருஷனின் அண்ணன் எதிரே நிற்கிற வழக்கம் இல்லாததால், வேப்பமரத்துக்குப் பின்னாலேயே நின்று என்னைக் கூப்பிட்டுச் சொம்பைக் கொடுத்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளைக் குட்டியை அம்மாவுக்கும் இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.