சத்தமில்லாமல் பார்த்த தேசங்கள்

என் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், கோணலான பியூஸ் கட்டை ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பீங்கான். சூளையில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதால் எந்த மின்பெட்டிக்கும் உதவாமல் போனது. அதன் நடுவில் உள்ள பள்ளத்தில் ஒரு கைப்பேசி கச்சிதமாகச் சாய்ந்து நிற்கும். இதைக் கண்டுபிடித்தவர் என் அண்ணி, அண்ணனின் மனைவி. மங்கோலியாவும் ஜெர்மனியும் எனக்கு அறிமுகமானது இந்தப் பள்ளத்தில்தான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்குப் போகாத வீடு எங்கள் தெருவில் குறைவு. நானும் அண்ணியும் ஒரே பட்டறையில், ஒரே பலகையில் எதிரெதிராக உட்கார்ந்திருப்போம். அச்சிலிருந்து வந்த, இன்னும் சூளையில் வேகாத பச்சைக் கட்டைகளின் பிசிறைப் பிளேடால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்குவது வேலை. பக்கத்துக் கொட்டகையில் மண் அரைக்கும் உருளை நாள் முழுக்க உருண்டுகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலே பாதிதான் காதில் விழும், கைப்பேசி எம்மாத்திரம்! அதனால் சாப்பாட்டு வேளையில் நாங்கள் பார்த்ததெல்லாம் ஊமைப் படம்தான். விளக்கம் சொல்வது அண்ணியின் பொறுப்பு. என் காதோடு வாயை வைத்து, தான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் போலச் சொல்வார்.

அண்ணன் வளைகுடாவுக்குப் போன புதிதில், அவன் இருக்கும் மண் எப்படியிருக்கும் என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார். எண்ணெய் கிடைப்பதற்கு முன்னால் அங்கே கடலில் முங்கி முத்தெடுத்தவர்களின் படம் ஒன்று அகப்பட்டது. அதைத் தொட்டு அடுத்தது, அடுத்தது என்று உலகமே வந்துவிட்டது. எந்த ஜனத்தைப் பார்த்தாலும் அண்ணி முதலில் கவனிப்பது கையிலுள்ள பாத்திரத்தைத்தான். பளபளப்பு எங்கே தொடங்குகிறது, அடிப்பாகத்தைத் துடைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவார். மங்கோலியர்கள் வீட்டைக் கழற்றி மடித்து ஒட்டகத்தின்மேல் ஏற்றியதைப் பார்த்த அன்று மட்டும் அவர் பாத்திரத்தைத் தேடவில்லை. அவர் பிறந்த ஊர் கம்மாபுரம் பக்கம். நிலத்தையும் வீட்டையும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகு அவருடைய அப்பா அம்மா சேத்தியாத்தோப்பில் வாடகை வீட்டில் இருந்தார்கள். "எங்க வூட்டையும் இப்பிடி மடிச்சி எடுத்தாந்திருந்தா நல்லா இருந்திருக்கும் பாப்பா" என்றார். கை அதுபாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது.

ஜெர்மனிப் படத்தில் ஒரு வீட்டு வாசலில் கூட்டம் கூட்டமாக வந்து பீங்கான் தட்டுகளையும் கிண்ணங்களையும் தரையில் போட்டு உடைத்தார்கள். எங்கள் பட்டறையில் சூளை சொதப்பினால், கோணல் சரக்கை யாரும் வெளியே விற்றுவிடக் கூடாது என்று மறுநாள் எல்லாவற்றையும் உடைத்துப்போடுவது வழக்கம். அன்று யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். ஆண்கள் உடைத்துப் போட்டுவிட்டுப் பீடி பிடிக்கப் போவார்கள், நாங்கள் குனிந்து அள்ளுவோம். "பாவம், சூளை மொத்தமும் போயிடுச்சி போலருக்குது" என்றார் அண்ணி. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்ததை இருவருமே பொருட்படுத்தவில்லை. நஷ்டத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும் என்று விளக்கமும் கொடுத்தார். பிறகு ஒரு பெண்ணும் ஆணும் துடைப்பத்தோடு வந்து ஓடுகளை ஒன்றாகக் கூட்டி அள்ளினார்கள். அண்ணி திரையை நிறுத்தி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அந்த ஆளும் சேந்து பெருக்குறான் பாரு" என்றார்.

அண்ணன் வளைகுடாவிலிருந்து பேசுவது அப்போதே குறைந்திருந்தது. பேசினாலும் அம்மாவிடம் மட்டும்தான். மூன்றாம் வருடம் விடுமுறையில் வந்தவன், இவளோடு வாழ முடியாது என்று ஒரே பிடியாக நின்றான். காரணம் வேண்டுமே? எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள், யாரோடு பேசுகிறாளோ என்று அம்மா எடுத்துக் கொடுத்தார். தேசங்களின் சரித்திரம் பார்க்கிறேன் என்று அண்ணி சொன்னபோது, பிசிறு சீவுகிறவளுக்கு மங்கோலியா எதற்கு என்று கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேசி முடிக்க வந்திருந்த தாய்மாமா என் பக்கம் திரும்பினார். "நீ கூடத்தான வேல செய்யிற. நீயே சொல்லு, அவ போன்ல என்னாதான் பண்றா?"

அண்ணி என்னைப் பார்த்தார். முகத்தில் கவலையே இல்லை. நான் இருக்கும்போது என்ன கவலை என்று நினைத்திருக்க வேண்டும். அந்த ஆவணியில் எனக்குக் கல்யாணம். முன்னால் நின்று நடத்த வேண்டியவன் அண்ணன். "எனக்குத் தெரியாதுங்க மாமா" என்றேன்.

மறுநாள் காலை சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் அவர் போய்விட்டார். வழக்கம்போல, போயிட்டு வரேன் என்றுதான் சொன்னார். அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பட்டறைப் பலகையில் கிடந்த இந்தக் கட்டையை நான் எடுத்து வந்தேன். எதிரில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தாள். நல்ல பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாப்பாட்டு வேளையில் என் காது அவருடைய குரலுக்கு ஏங்கியது. எட்டு வருடமாகியும் அந்த ஏக்கம் குறையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் தனியாக இருந்தபோது அந்த ஜெர்மனிப் படம் மறுபடி கண்ணில் பட்டது, இந்த முறை சத்தத்தோடு. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, பெண் வீட்டு வாசலில் பீங்கானை உடைப்பது அங்கே நல்ல சகுனமாம். மணமக்கள் இருவரும் சேர்ந்து அதை அள்ள வேண்டுமாம். கல்யாண வீட்டைப் பார்த்தா எழவு வீடு போல உச்சுக்கொட்டினோம் என்று சிரிக்கத் தொடங்கியவள், அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன். பட்டறையில் சேத்தியாத்தோப்புக்காரப் பெண் ஒருத்தி அண்ணியின் எண்ணை எப்போதோ கொடுத்திருந்தாள். இத்தனை நாள் அதை அழுத்தும் தைரியம்தான் எனக்கு வரவில்லை.

என் குரல் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வரவில்லை. அது சூளை போன வீடில்லை, கல்யாண வீடு என்று படபடவென்று சொல்லி முடித்தேன். அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஆளு சேந்து பெருக்குனது?"

"அது நெசந்தாங்க அண்ணி."

"உம்" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. மாமா கேட்ட அன்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு நப்பாசை.

"ஆமாம் பாப்பா. நீ சொல்லியிருக்கணும்." குரலில் கோபமே இல்லை. "அந்தப் படத்த அனுப்பு. நானும் சத்தத்தோட பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான அடையாளமும் வந்துவிட்டது. பதில்தான் இன்னும் வரவில்லை. என்னுடைய இப்போதைய கைப்பேசி தடிமனானது, அந்தப் பள்ளத்தில் சரியாக நிற்பதில்லை. கட்டைக்குப் பின்னால் உப்பு ஜாடியை நகர்த்தி முட்டுக் கொடுத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்துவிட்டுச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.