கையில் வாங்கிய வாள்

என் தம்பிக்கு ஜுல்ஃபிகர் என்று பெயர் வைத்தது வாப்பா. அது நபிகளாரின் மருமகன் அலியாருடைய வாளின் பெயர்; இரண்டு முனை கொண்ட வாள் என்பார்கள். பெயரைக் கேட்டதும் எதிரி நடுங்க வேண்டும் என்று வாப்பா ஆசைப்பட்டிருப்பார். நடுங்கியது என்னவோ இவன்தான். பக்ரீத் குர்பானி நாளில் கத்தி தீட்டும் சத்தம் கேட்டாலே மொட்டை மாடிக்கு ஓடிவிடுவான். கறி வெந்து வாசனை மேலே வந்த பிறகு இறங்கி, முதல் ஆளாகச் சகனில், எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டில், உட்காருவான். வெட்கமாவது ஒன்றாவது!

யாங்கோனில் எங்கள் தின்கன்ஜூன் பக்கம் வந்து "இன்வெர்ட்டர் கோ ஜுல்ஃபி" என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்; பர்மியத்தில் கோ என்றால் அண்ணன், மா என்றால் அக்கா. கரண்ட் இருக்கிற நேரத்தை விட இல்லாத நேரம்தான் அதிகம். அப்படிப்பட்ட ஊரில் பாட்டரி மாட்டத் தெரிந்தவனுக்கு மரியாதைக்கு என்ன குறை? பாட்டரியைத் தோளில் சுமந்துகொண்டு மாடி மாடியாக ஏறுவான். சட்டைப் பையில் எப்போதும் திருகாணிகள் கிடக்கும். அதோடு சட்டையைத் துவைக்கப் போட்டுவிடுவான், மெஷினுக்குள் கடகடவென்று உருளும், நான் கத்துவேன், அவன் சிரிப்பான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கத்தி, கத்தரிக்கோல், ஊசி எதையும் யார் கையிலிருந்தும் நேராக வாங்க மாட்டான். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று உம்மா சொல்லி வளர்த்தார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார், நான் அவசரத்தில் மறந்துவிடுவேன். இவன் மறக்கவே மாட்டான். வயர் சீவுகிற சின்ன பிளேடாக இருந்தாலும், "கீழ வை, நான் எடுத்துக்கிறேன்" என்பான். கூட வேலை பார்க்கிற பர்மியப் பையன்கள் வேண்டுமென்றே பிளேடை நீட்டிக்கொண்டு பின்னாலேயே சுற்றுவார்கள்.

முப்பத்தெட்டு வயதுவரை அவனுக்குக் கல்யாணம் கூடவில்லை. முதல் இடத்தார், மாப்பிள்ளை மலேசியா போய்ச் சம்பாதிப்பாரா என்றார்கள். போகமாட்டேன் என்றான். இரண்டாவது இடம் பந்தலுக்குச் சொன்ன பிறகு முறிந்தது. "இனிமே பேச்சை எடுக்காத, கமரு ராத்தா" என்று அக்காவான என்னிடமே சொல்லிவிட்டான். உம்மா அந்தக் கவலையோடே போய்ச் சேர்ந்தார். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

அப்புறம்தான் அலோனில், ஆற்றோரம் ஒரு வீட்டுக்கு இன்வெர்ட்டர் பார்க்கப் போனான். அரை மணி நேர வேலைக்கு ஒரு வாரம் போய் வந்தான். எனக்குப் புரியாதா?

"அந்த வீட்டு பாட்டரிக்குப் பேரு என்னடா?" என்றேன்.

காது சிவந்துவிட்டது. "ஷிரின்" என்றான்.

ஷிரின் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பந்தேக்காரப் பெண், அதாவது, யூன்னானிலிருந்து சில தலைமுறைக்கு முன்னால் வந்த சீன முஸ்லிம் குடும்பம். மார்க்கம் ஒன்று, சோறு வேறு, பேச்சு வேறு. நடுவில் பர்மிய மொழிதான் பாலம். அவளுடைய வாப்பா ஊ சோ வின், தேயிலை வியாபாரி. ஓய்வு நேரத்தில் தூரிகையும் மையுமாக உட்கார்ந்து சீன எழுத்து எழுதுவார். பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னிடம், "தம்பி பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது நான்தான். "வாள்! எங்க அலியாரோட வாள்!" என்று கையை வேறு வீசிக் காட்டிவிட்டு வந்தேன்.

நிக்காஹ் தேதி குறிக்கிற நாள் வந்தது. நானும் தஸ்லீமா சாச்சியும் தம்பியும் போனோம். தஸ்லீமா சாச்சி என்றால் எங்கள் சின்ன வாப்பாவின் மனைவி, குடும்பத்தில் மூத்தவள், பல்லியின் சத்தத்துக்குக்கூடப் பலன் சொல்வாள். தேநீர் வந்தது, ஊறிய தேயிலையும் வறுத்த கடலையும் தட்டில் வந்தன. தேதி குறித்து, ஃபாத்திஹா ஓதுவதுதான் பாக்கி. ஊ சோ வின் எழுந்து உள்ளே போய் ஒரு சுருளைக் கொண்டுவந்து விரித்தார். வெள்ளைத் தாளில் ஒரே ஒரு பெரிய எழுத்து. கன்னங்கரேலென்று அழகாகத்தான் இருந்தது.

"இது என்ன எழுத்து?" என்றாள் சாச்சி.

"வாள். மருமகனா வரப்போறவரோட பேரு" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக. இரண்டு கையாலும் அதைத் தம்பியிடம் நீட்டினார்.

சாச்சி என் தொடையைக் கிள்ளினாள். "யா அல்லாஹ்! நல்ல காரியத்துல கத்திய நீட்டுறாங்களேடி!" என்றாள் தமிழில்.

இந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "கீழ வைங்க மாமா, நான் எடுத்துக்கிறேன்" என்று பர்மியத்தில் சொல்லியும்விட்டான். இவனுக்கு அது காகிதமாகத் தெரியவில்லை. வாள் என்று காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

பெரியவர் முகம் அப்படியே மாறிவிட்டது. எழுதின எழுத்தை இரண்டு கையால் கொடுப்பதும் இரண்டு கையால் வாங்குவதும்தான் அவர்கள் மரியாதை. "எழுத்தைத் தரையில வைக்கிறதா?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றது. மூன்றாவது முறையும் முறிந்தால் இவன் இந்தப் பிறவியில் கல்யாணப் பேச்சையே தொடமாட்டான். உம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

தம்பிக்குத் தான் செய்தது அப்போதுதான் உறைத்தது. ஷிரினைப் பார்த்தான்.

அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். "வாப்பா, இவர் நம்ம வீட்டுக்கு வந்த முதல் நாளே இப்படித்தான். வயர் சீவக் கத்திய நீட்டினேன், கீழ வைன்னார். திமிரான்னு கேட்டேன். கையில கொடுத்தா சண்டை வரும், உங்களோட எனக்குச் சண்டை வேணாம்னார். அதுலதான் நான் விழுந்தேன்."

அட கள்ளப்பயலே! இதை என்னிடம் சொல்லவே இல்லையே!

அதுவரை வாய் திறக்காமல் இருந்த அவளுடைய உம்மா டோ கின் ஏ எழுந்து வந்தார். கணவரைத்தான் முறைத்தார். "பிள்ளை செஞ்சது சரிதான். நம்ம பக்கம் மட்டும் கத்தியச் சும்மா கொடுப்போமா? உறவு அறுந்துடும்னு ஒரு காசு வாங்கிக்க மாட்டோமா? எழுதற சந்தோஷத்துல உங்களுக்கு எல்லாம் மறந்துபோச்சு."

"எழுத்துக்குமா?" என்றார் பெரியவர்.

"வாள்னு நீங்கதானே சொன்னீங்க?"

சாச்சிக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தியா, இவங்களுக்கும் பயம் இருக்கு!" என்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அந்த நிமிடமே டோ கின் ஏயும் அவளும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். சாச்சி உடனே பர்ஸைத் திறந்து துழாவினாள். யாங்கோனில் நாணயத்தை யார் கண்டது? எல்லாம் நோட்டுதான், அதுவும் கசங்கின நோட்டு.

"நோட்டு ஆகாது. உலோகமா இருக்கணும்" என்றார் டோ கின் ஏ.

தம்பி சட்டைப் பையில் கையை விட்டான். ஒரு திருகாணியை எடுத்து, சட்டையில் துடைத்து, பெரியவர் முன்னால் உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "இதுதான் இருக்கு மாமா."

அவர் அதை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "பழைய காலத்து வெண்கல வாள்ல இந்த எழுத்தச் செதுக்கினப்ப, எழுத்தோட ஓரத்துல இப்ப நிக்கிற கத்திக் குறி கிடையாது. உலோகத்துக்கான குறியத்தான் போட்டாங்க. கத்திக் குறி அப்புறம் வந்தது. நான் எழுதாம விட்ட உலோகத்த மாப்பிள்ளை பையிலேருந்து எடுத்துக் கொடுத்துட்டார்!"

மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

சுருளை மறுபடி நீட்டினார். தம்பி என்னைப் பார்த்தான். "விலை கொடுத்தாச்சில்ல, வாங்குடா!" என்று அதட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினான். பிறந்ததிலிருந்து கைக்குக் கை அவன் வாங்கிய முதல் வாள் அதுதான்.

ஃபாத்திஹா ஓதிய பிறகு ஷிரின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மேசையில் சிந்தின தேநீரில் விரலைத் தொட்டு அந்த எழுத்தை எனக்கு வரைந்து காட்டினாள். "இந்தப் பக்கம் ஓசைக்காக வெச்சதுன்னு படிச்சவங்க சொல்வாங்க, மா கமரு. தனியா நின்னா 'எல்லாரும்'னு அர்த்தம். மேல கூரை மாதிரி, கீழ ரெண்டு வாய், அதுக்கும் கீழ ரெண்டு ஆள். ஓரத்துல நிக்கிறது கத்தி. ஒரு பக்கம் மட்டும் கூரா இருந்தா அதுக்கு வேற எழுத்து, காய் நறுக்கற கத்திக்கும் அதுதான். இது ரெண்டு பக்கமும் கூர்."

"ஒரே கூரை, எல்லாரும் வாய், ஓரத்துல ஒரு கத்தியா?" என்றேன். "இது எங்க வீடேதான் பொண்ணே. நல்லா யோசிச்சுக்கோ."

அவள் யோசிக்கவில்லை. இப்போது குர்பானிக்குக் கத்தி பிடிப்பது அவள்தான். தம்பி இன்னமும் மொட்டை மாடியில். வாள் எழுத்து கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

போன மாதம் மாமனார் வீட்டு இன்வெர்ட்டர் மறுபடி மக்கர் செய்தது. நானும் கூடப் போயிருந்தேன். எல்லாம் முடித்து மூடி போடும்போது ஒரு திருகாணி குறைந்தது. அதிசயமாக இவன் பையிலும் இல்லை. தேடிக்கொண்டே போனவன், மாமனார் மேசையில் மை அரைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒன்று இருப்பதைப் பார்த்துக் கையை நீட்டினான்.

ஊ சோ வின் சட்டென்று அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"பொண்ணக் கொடுத்துட்டேன்" என்றார். "இதை மட்டும் கேக்காதீங்க மாப்பிள்ளை."