புள்ளிவிபரப் பகுதி மிஸ்

துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வீட்டுக்கு முற்பணம் கொடுத்துவிட்டேன். வேலைக்கு வருகிறவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடலாம் என்பது என் எண்ணம். கொடுத்த பிறகுதான் பயம் பிடித்தது. ஆட்கள் வராவிட்டால் என்ன செய்வது? விலகினால் முற்பணம் போய்விடும். மனைவியின் தோப்பூர் வயலை விற்ற காசு அது.

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் விசாரிக்கச் சொன்னார்கள். புள்ளிவிபரப் பகுதியில் ஒரு மிஸ் இருந்தார். மெலிந்த முகம், மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தத் தாளை எடுத்தாலும் வரியின் கீழே கோடு போடும் அடிமட்டத்தை வைத்துத்தான் வாசிப்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அது பெரிய உதவி. வீட்டு விஷயத்தைச் சொன்னதும் ஒரு தாளை எடுத்தார்.

“இந்தப் பக்கம் வேலை செய்யிற ஆக்கள் கூடித்தான் இருக்கினம், அண்ணே. ஆனா இது பழைய கணக்கு.”

“இப்ப எப்பிடி, மிஸ்?”

“அது இன்னும் வரேல்ல.”

“நீங்களெண்டா அந்த வீட்டை வாங்குவீங்களோ?”

அடிமட்டத்தைத் தாளிலிருந்து எடுத்தார். “என்ர அவருக்கு இஞ்ச வேலை சரிவரேல்ல. நான் மட்டக்களப்புக்கு மாற்றம் கேட்டிருக்கிறன்.”

“அப்ப நான் வாங்கக் கூடாதோ?”

“அது எங்கட வீட்டுக் கதை, அண்ணே. இந்தத் தாளில அப்பிடி ஒண்டும் இல்லை.”

வீட்டை வாங்கினேன், பின்வாங்க வழி இருக்கவில்லை. அறைகள் பூட்டியே கிடக்கின்றன. தாளை நம்புவதா, அவர் வீட்டுக் கதையை நம்புவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருடைய கணவரை நான் கண்டதேயில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனால், அந்த மனிதருக்கு இங்கேயே ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் முதலில் கும்பிடுகிறேன்.